ஒரே ஃபைல், இரண்டு சாமி: இந்த நோட்டீஸை நான் அடித்துக் கொடுத்திருக்கணுமா?

அச்சாபீஸ்காரன், கொழிஞ்சாம்பாறை

எல்லாருக்கும் வணக்கமுங்க. கேரளாவில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக ஒரு அச்சாபீஸ் வைத்திருக்கிறேன். ஒரு மினி ஆஃப்செட், ஒரு கம்ப்யூட்டர், பழைய கட்டிங் மிஷின் ஒன்று. கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு, மாரியம்மன் பொங்கல் நோட்டீஸ், மாதா கோயில் தேர் நோட்டீஸ், பள்ளிவாசல் நேர்ச்சைக்கு ரசீது புக்கு எல்லாமே ஒரே மேஜையில்தான் ஓடுகிறது. பாதி தமிழ், பாதி மலையாளம். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

போன பஞ்சாயத்துத் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தெரிந்தவர் ஒருவர் வந்தார். வருஷா வருஷம் கோயில் நோம்பி (திருவிழா) நோட்டீஸை என்னிடம்தான் அடிப்பார். கையால் எழுதிய தாள், முன்பக்கம் தமிழ், பின்பக்கம் மலையாளம். ரோஸ் தாளில் இரண்டாயிரம் காப்பி, ஒரே கலர். 'கீழே பிரஸ் பேர் போட வேண்டாம்' என்றார். மேலே சாமி படம், பக்கத்தில் வேட்பாளர் படம். நம்ம சாமியைக் கும்பிடுகிறவனுக்குத்தான் நம்ம ஓட்டு, மாற்றிப் போடுகிறவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது என்று எழுதியிருந்தது. அடியில் மூன்று வரி தண்ணீரைப் பற்றி. மூலத்தறை வலதுகரைக் கால்வாயை வேலந்தாவளம் வரைக்கும் கொண்டு வருவோம், மேட்டுக்காட்டுக்குக் குடிநீர் லைன் இழுப்போம் என்று.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டோடு போட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி எங்கள் சித்தூர்ப் புழைக்கு (ஆற்றுக்கு) வருஷம் 7.25 டிஎம்சி. அந்தத் தண்ணீர் எங்கள் கிழக்குப் பக்கத்து மேட்டுக்கு ஏறுவதில்லை. ஆயிரம் அடிக்கு போர் போட்டுத் தென்னையைக் காப்பாற்றுகிறவர்கள் நாங்கள். அதனால் அந்த மூன்று வரியைப் பார்த்ததும் பரவாயில்லையே என்றுகூட நினைத்தேன்.

புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். மனுஷன் என் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து அந்த மூன்று வரியை மட்டும் அடித்தார். 'இதெல்லாம் எதுக்குங்க, ஆளு குழம்பிடுவான்' என்றார்.

இரண்டு நாள் கழித்து இன்னொருவர், வேறு வார்டு, வேறு மதம். வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். டிடிபி அடிக்கும் பொண்ணு நேரம் மிச்சம் பிடிக்க முதல் ஃபைலையே திறந்து அதன் மேலே மாற்றப் போனது. சாமி பேரை மாற்றி, படத்தை மாற்றி, வேட்பாளர் பேரையும் சின்னத்தையும் மாற்றினால் வேலை முடிந்தது! 'நம் பிள்ளைகளின் எதிர்காலம்', 'இதுவே கடைசி வாய்ப்பு', 'நம்மை அழிக்கப் பார்க்கிறார்கள்' எல்லாம் அங்கேயும் அப்படியே. வரிக்கு வரி இடம்கூடச் சரியாக உட்கார்ந்தது. அந்தப் பொண்ணு விழுந்து விழுந்து சிரித்தது. இவரும் பிரஸ் பேர் வேண்டாம் என்றார்.

இரண்டு பேருக்கும் அடித்துத் தரமுடியாது என்று சொல்லிவிட்டேன். இப்போது கோயில் நோட்டீஸ் பொள்ளாச்சிக்குப் போகிறது. டீக்கடையில் முதல் ஆள் நான் அந்தப் பக்கம் விலைபோய்விட்டேன் என்கிறார். இரண்டாவது ஆள் நான் இந்தப் பக்கம் விலைபோய்விட்டேன் என்கிறார். வீட்டில் 'உங்களுக்கு எதுக்கு இந்த வேலை' என்று தினமும் பாட்டு.

நான் சாமி இல்லை என்கிறவன் அல்ல, கடையில் முருகன் படத்துக்கு விளக்கு வைக்காமல் மிஷினை ஓட்டமாட்டேன். எனக்குத் தெரியவேண்டியது, இதை அடித்துக் கொடுத்திருந்தால் குற்றமா? அப்புறம், இந்தக் காகிதத்துக்கு நிஜமாகவே ஓட்டை மாற்றும் சக்தி உண்டா, இல்லை நான்தான் பெரிசு பண்ணுகிறேனா?

குமாஸ்தா, சித்தூர்

அச்சாபீஸ்காரரே, கோர்ட் வேலையில் முப்பது வருஷம் போனவன் சொல்கிறேன். பிரஸ் பேர் போடாமல் அடித்திருந்தால் முதலில் மாட்டுவது நீங்கள்தான், அவர்கள் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ. தேர்தல் நோட்டீஸ் எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுகிறவர் 'நான்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவரைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி போட்டு, இரண்டு பிரதி உங்களிடம் தர வேண்டும். நீங்கள் ஒன்றை நோட்டீஸோடு சேர்த்துக் கலெக்டருக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் போடலாம். பஞ்சாயத்துத் தேர்தலுக்குக் கேரளச் சட்டத்திலும் இதே மாதிரி விதி இருக்கிறது.

வாசகம் தனிக் கதை. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது அதே சட்டத்தின் 123(3) பிரிவில் ஊழல் நடவடிக்கை. அதில் 'அவருடைய மதம்' என்று இருக்கும் வார்த்தைக்கு யாருடைய மதம் என்று பெரிய சண்டை. 2017 ஜனவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நாலுக்கு மூன்று என்ற கணக்கில், வேட்பாளர் மதம் மட்டுமல்ல, ஓட்டுப் போடுகிறவர் மதத்தைச் சொன்னாலும் அது இதில் அடங்கும் என்று முடித்தது. அந்த மூன்று பேரும் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. மதத்தாலும் சாதியாலும் ஒதுக்கப்பட்டவன் தன் கஷ்டத்தைத் தேர்தலில் பேசவே கூடாதா என்பது அவர்கள் கவலை.

எனக்குத் தெரிந்து கேரளாவில் இதில் விழுந்த இரண்டு வழக்குமே உங்கள் தொழில் சம்பந்தப்பட்டவை, கவனித்தீர்களா? 2004-இல் மூவாற்றுப்புழை மக்களவைத் தொகுதியில் பி.சி. தாமஸ் 529 ஓட்டில் ஜெயித்தார். போப், அன்னை தெரசா படங்களைப் போட்டு அச்சடித்துக் கொடுத்து கத்தோலிக்கர் ஓட்டைக் கேட்டார் என்று வழக்கு. 2006-இல் கேரள உயர் நீதிமன்றம் வெற்றி செல்லாது என்றது. அடுத்தது அழிக்கோடு சட்டமன்றத் தொகுதி. 2016-இல் ஜெயித்த முஸ்லிம் லீக்கின் கே.எம். ஷாஜி மேல், மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டு நோட்டீஸ் விட்டார் என்று வழக்கு. அது தன்னுடைய நோட்டீஸே இல்லை என்று அவர் கடைசி வரை சொன்னார். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் சட்டசபைக்குப் போகலாம், அங்கே ஓட்டுப் போடக் கூடாது, சம்பளம் கிடையாது என்று இடைக்காலமாகச் சொன்னது. 2021-இல் அதே தொகுதியில் மறுபடி நின்றார், தோற்றார்.

இதிலிருந்தே தெரியும், சட்டம் வந்து சேருவதற்குள் பதவிக்காலத்தில் பாதி போய்விடும்.

கல்பாத்தி மாமி

தம்பி, நீ செய்தது சரி. ஆனால் ரொம்பக் கவலைப்படாதே. எனக்கு எழுபத்தாறு வயசு. 1959-இல் கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிராக விமோசன சமரம் நடந்தபோது நான் பாவாடை கட்டின பொண்ணு. பள்ளிக்கூடத்து வாசலில் ஆட்கள் படுத்துக்கொண்டதால் நாங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து, லீவு என்று குதித்தோம். கல்வி மந்திரி முண்டசேரி மாஸ்டரின் மசோதாதான் மூல காரணம். கத்தோலிக்கச் சபை, மன்னத்து பத்மநாபனின் நாயர் சங்கம், முஸ்லிம் லீக் எல்லாரும் கம்யூனிஸ்டுக்கு எதிராக ஒன்றாக நின்றார்கள். ஜூலை 31 அன்று டெல்லி சர்க்கார், முதல் மந்திரி ஈஎம்எஸ்ஸின் மந்திரிசபையைக் கலைத்தது. அப்பா ரேடியோ முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், 1967-இல் அதே ஈஎம்எஸ் அதே லீக்கைச் சேர்த்துக்கொண்டு மந்திரிசபை அமைத்தார்! அப்பா அன்றைக்கும் தலையில் கை வைத்தார்.

சொல்ல வந்தது, இங்கே மதம் அரசியலுக்குள் வருவது புதுசு இல்லை. எல்லாமே கெடுதலும் இல்லை. 2024 நவம்பர் 13-இல் வைத்திருந்த பாலக்காடு இடைத்தேர்தலை எங்கள் கல்பாத்தித் தேருக்காக 20-ஆம் தேதிக்கு மாற்றினார்கள். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? தேர் வடம் பிடிக்கிற அன்றைக்கு யார் பூத்துக்குப் போவார்கள்? ஜனங்கள் எப்படி வாழ்கிறார்களோ அதைத் தேர்தல் மதித்தது. அதையும் உன் ரோஸ் நோட்டீஸையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். தேருக்கு வா என்பது வேறு, தேர் இழுக்கிறவன் இன்னாருக்குத்தான் ஓட்டுப் போடணும் என்பது வேறு.

இன்னொன்று, நீ அடிக்காவிட்டால் அது நின்றுவிடுமா? எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் காலை ஐந்து மணிக்கு சுப்ரபாதம் வரும், ஐந்தே காலுக்கு இந்த மாதிரி விஷம் வரும். அதில் எந்த பிரஸ் பேர்?

மீனாட்சிபுரம் வாசி

எனக்கு ஒரு வருத்தம். அண்ணன் இரண்டு நோட்டீஸையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார். வாசகம் ஒன்றாக இருக்கலாம், எடை ஒன்றா? ஒரு பக்கம் நாட்டையே ஆள்கிற பலம். இன்னொரு பக்கம் வாடகைக்கு வீடு கேட்டால் பேரைக் கேட்டுவிட்டு 'இல்லை' என்று சொல்லப்படுகிற ஆள். பயந்தவன் எழுதுவதும் பயமுறுத்துகிறவன் எழுதுவதும் ஒன்றாகிவிடுமா? 2020 டிசம்பரில் பாலக்காடு நகரசபையை ஜெயித்த கையோடு பாஜகவினர் கட்டடத்தின் மேலே 'ஜெய் ஸ்ரீராம்' என்று பேனர் தொங்கவிட்டார்கள். நகரசபை என்ன கோயிலா? சொத்து வரி கட்டப் போகிற நான் எந்த வாசல் வழியாகப் போவது? அப்புறம் மார்க்சிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பான டிஒய்எஃப்ஐ பையன்கள் அதே இடத்தில் தேசியக்கொடியைத் தொங்கவிட்டார்கள்.

மதச்சார்பின்மை பேசுகிறவர்களும் சுத்தம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மாமி சொன்ன அதே 2024 இடைத்தேர்தலில், ஓட்டுக்கு முந்தின நாள், பாஜகவிலிருந்து காங்கிரசுக்குப் போன சந்தீப் வாரியரின் பழைய பேச்சுகளை வைத்து இடது முன்னணி ஒரு விளம்பரம் கொடுத்தது. வந்தது சுப்ரபாதம், சிராஜ் நாளிதழ்களில். இரண்டும் முஸ்லிம் வீடுகளில் வாங்குகிறவை. யாரைக் குறிவைத்தது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எலப்புள்ளி

நான் அதிகம் எழுதத் தெரியாதவன். 2022 ஏப்ரல் 15, விஷு அன்று, எங்கள் எலப்புள்ளியில் ஒரு கொலை. இறந்தவர் பாப்புலர் ஃப்ரண்ட் என்ற முஸ்லிம் அமைப்புக்காரர். மறுநாள் பாலக்காட்டு மேலாமுறியில் ஆர்எஸ்எஸ்காரர் ஒருவரைக் கடைக்குள் வைத்து வெட்டினார்கள். கலெக்டரேட்டிலிருந்து உத்தரவு வந்தது, பைக்கில் பின்னால் ஆண்கள் உட்காரக் கூடாது என்று. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தடை இல்லை. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியவில்லை. ஆட்டோக்காரனும் வரவில்லை. கடைசியில் அம்மா வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து டாக்டரிடம் அப்பாவுக்காக மருந்து எழுதி வாங்கினார். டாக்டர் 'பேஷண்ட் எங்கே' என்றார். 'அவர் ஆம்பிளைங்க' என்றார் அம்மா.

அதற்குப் பிறகு எங்கள் டீக்கடையில் அரசியல் பேசுவது நின்றது. முன்பு சத்தமாகச் சண்டை போடுவோம், பிறகு ஒரே கிளாஸில் பங்கு வைத்துக் குடிப்போம். இப்போது யார் பேசினாலும் முதலில் கதவுப் பக்கம் பார்க்கிறார்கள். ஓட்டை மாற்றியதா என்று அண்ணன் கேட்டார். எனக்குத் தெரியாது. பேச்சு நின்றது மட்டும் தெரியும்.

ரப்பர்க்காரன், புனலூர்

அண்ணாச்சி, நான் தெற்கே புனலூர்ப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவன். அப்பா இலங்கையில் கண்டிச் சீமையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பப்பட்டவர். ராத்திரிக் கஞ்சிக்குப் பிறகு அவர் சொல்லும் கதை ஒன்று இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வருகிறது.

1956 தேர்தலில் பண்டாரநாயக்க 24 மணி நேரத்தில் சிங்களம் மட்டும் என்று நின்றார். பிக்குகள் கூட்டம் கூட்டமாக அவருக்காக வீடு வீடாகப் போனார்கள். புத்தர் ஜயந்தியின் 2,500-ஆம் ஆண்டு வேறு. ஜெயித்தார். மறுவருஷமே அவருக்கு நிலைமை புரிந்து தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டார், தமிழர் பகுதிக்குக் கொஞ்சம் அதிகாரம் என்று. 1958 ஏப்ரலில் பிக்குகள் கொழும்பில் அவருடைய ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு முன்னால் போய் உட்கார்ந்தார்கள், கிழித்துப் போடு என்று. அவர்கள் எழுந்து போனபோது ஒப்பந்தம் கிழிந்திருந்தது. 1959 செப்டம்பரில் அதே வீட்டு வராந்தாவில், கும்பிட்டு வரவேற்ற பிரதமரை ஒரு பிக்கு துப்பாக்கியால் சுட்டார். மறுநாள் இறந்தார். சதியில் தலையாக இருந்த களனி விகாரைப் பிக்கு 1956-இல் அவருக்காகவே ஊர் ஊராகப் போனவர். அதில் மதத்தைவிட வியாபாரக் கோபம்தான் அதிகம் என்பார்கள்.

அப்பா இதைச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சேர்ப்பார். 'ஆனா நம்ம ஓட்டைப் பிடுங்கினது காவி கட்டுனவன் இல்லடா. 1948-ல குடியுரிமையை, மறுவருஷம் ஓட்டைன்னு கோட்டுப் போட்ட தொரைமாருங்கதான் சட்டம் போட்டுப் பிடுங்கிட்டானுங்க.' எல்லாக் குற்றத்தையும் மதத்தின் தலையில் ஏற்றக் கூடாது என்பது அவர் கட்சி.

என் கணக்கு வேறு. உங்களிடம் வந்த இரண்டு பேரில் ஒருத்தன் நாளைக்கு மெம்பராவான் என்று வையுங்கள். பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேண்டும், கால்வாய்க்குப் பக்கத்து வார்டு மெம்பரோடு பேசவேண்டும் என்று வரும்போது, ரோஸ் நோட்டீஸ் அடிக்கச் சொன்னவர்கள் அவன் வாசலில் வந்து உட்கார மாட்டார்களா, அவனோடு உனக்கு என்ன பேச்சு என்று?

அச்சாபீஸ்காரன், கொழிஞ்சாம்பாறை

எல்லாருக்கும் நன்றிங்க. மின்சாரம் போய் மிஷின் நிற்பதால் இப்போதுதான் எழுத நேரம்.

மாமி, வாட்ஸ்அப்பை நான் தடுக்க முடியாது, உண்மை. ஆனால் என் மையில் வராது, அவ்வளவுதான். எனக்கு அதில் பழைய பயம் ஒன்று உண்டு. 1998 பிப்ரவரி 14 அன்று நான் வேறொரு அச்சாபீஸில் எடுபிடி. முதலாளி பேப்பர் எடுக்க என்னைக் கோவைக்கு அனுப்பியிருந்தார். டவுன்ஹால் பக்கம் பேப்பர் ரிம்மைத் தோளில் வைத்து நிற்கும்போது முதல் சத்தம். டயர் வெடித்தது என்றுதான் நினைத்தேன். அத்வானி தேர்தல் கூட்டத்துக்கு வருகிற நாள். 58 பேர் செத்தார்கள். அதற்கு இரண்டரை மாதம் முன்னால், ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டதற்குப் பின்னால், கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்திருந்தார்கள். நான் பேப்பரைப் போட்டுவிட்டு உக்கடம் வழியாகப் போகாமல் சுற்றிச் சுற்றி நடந்தே வந்தேன். வேலந்தாவளம் வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. அந்த ரிம்முக்கு முதலாளி சம்பளத்தில் பிடித்தார், அது வேறு.

மீனாட்சிபுரம் தம்பி, நீங்கள் சொன்ன எடை விஷயத்தை இரண்டு நாள் யோசித்தேன். பயந்தவனும் பயமுறுத்துகிறவனும் ஒன்றில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மேஜைக்கு வந்தவர்களில் பயந்த ஆள் யாரும் இல்லைங்க. வீடு கிடைக்காதவன் வரவில்லை. அவனைக் காட்டி ஓட்டு வாங்குகிறவன்தான் வந்தான், நல்ல வண்டியில். முதல் ஆளும் அதே மாதிரிதான். அவர் தோட்டத்தில் நாலு போர் ஓடுகிறது. தண்ணீர் வரியை அவர் அடித்ததில் எனக்கு அப்போது புரியாதது இப்போது கொஞ்சம் புரிகிறது.

குமாஸ்தா சார் சொன்னபடி அந்த உறுதிமொழிப் படிவத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் அடித்து ஒரு கட்டு வைத்துவிட்டேன். யார் தேர்தல் வேலைக்கு வந்தாலும் முதலில் அதை நீட்டுகிறேன். போன வாரம் சுயேச்சை ஒருவர் அதைப் பார்த்துவிட்டு 'டீ குடித்துவிட்டு வருகிறேன்' என்று போனவர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு சந்தேகம். அந்த இரண்டு புரூஃபும், சிவப்புப் பேனா அடித்ததோடு, மை டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது. வீட்டில் அடுப்பில் போடச் சொல்கிறார்கள். போட்டுவிடலாமா?

குமாஸ்தா, சித்தூர்

போடாதீர்கள். கவரில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாமல் வையுங்கள். இங்கே எழுதிவிட்டீர்கள், சரி, இனிமேல் சொல்லாதீர்கள்.

அச்சாபீஸ்காரன், கொழிஞ்சாம்பாறை

சரிங்க, வைத்துவிட்டேன். இன்று சாயங்காலம் கோயில் கமிட்டியிலிருந்து ஒரு பையன் வந்தான். பொள்ளாச்சியில் அடித்த நோம்பி நோட்டீஸில் மலையாளத் தேதி ஒரு மாசம் தள்ளி விழுந்திருக்கிறது. விருச்சிகத்துக்குப் பதில் தனு. ஆயிரம் காப்பி வீணாம், நாளைக் காலைக்குள் வேண்டுமாம். பழைய விஷயத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கீழே பிரஸ் பேர் போடலாமா என்று மட்டும் கேட்டேன். 'அது இல்லாம எப்படிங்க' என்றான்.